டர்பனில் தமிழ்ப் படம்: வெள்ளிக்கிழமை விலையா, செவ்வாய்க்கிழமை விலையா?

கேள்வி இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து சில மாதங்களே ஆன ஒரு குடும்பம். நகரின் தெற்குப் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் வாடகை வீடு. கணவன், மனைவி, 9 வயது மகன், ஊரிலிருந்து வந்து கூடவே இருக்கும் 64 வயது அம்மா. மாதம் ஒரு தமிழ்ப் படத்தையாவது பெரிய திரையில் பார்க்க ஆசை. டிக்கெட், பாப்கார்ன், வண்டிச் செலவு என்று ஒவ்வொரு தடவையும் 900 ராண்ட் வரை போய்விடுகிறது. பாதியாகக் குறைக்க வழி உண்டா என்று கேட்கிறார்கள்.

உண்டு. ஆனால் ஆங்கிலப் படம் பார்ப்பவர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகள் நமக்கு அப்படியே பொருந்தாது. பெரிய ஹாலிவுட் படம் இங்கே ஐந்தாறு வாரம் ஓடும். அவசரப்படாமல் காத்திருந்தால் தள்ளுபடி நாள் பல தடவை வந்து போகும். தமிழ்ப் படம் பெரும்பாலும் ஒரு வாரம், நன்றாகப் போனால் இரண்டு, மூன்று வாரம். இரண்டாம் வாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு காட்சிதான் மிஞ்சும், அதுவும் இரவு எட்டு மணிக்கு இருக்கலாம். ஆக ஒரு தமிழ்ப் படத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி நாள் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதைத் தவறவிடாமல் இருப்பதுதான் இந்த விஷயத்தில் பாதி வேலை. மற்ற எல்லாச் சிக்கனமும் அதற்குப் பிறகுதான்.

முதலில் திரையரங்கின் வாரம் எப்படிச் சுழல்கிறது என்று பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் புதுப் படங்கள் வெள்ளிக்கிழமை வருகின்றன. அந்த வாரம் அடுத்த வியாழன் இரவோடு முடிகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு வசூலைப் பார்த்துவிட்டு, வாரத் தொடக்கத்தில் திரையரங்குக்காரர்களும் விநியோகஸ்தர்களும் பேசி, எந்தப் படம் இன்னொரு வாரம் நிற்கும், எத்தனை காட்சி என்று முடிவு செய்கிறார்கள். அந்தப் புது நேர அட்டவணை செவ்வாய் மாலையோ புதனோ திரையரங்கின் செயலியில் தெரியும். பல கிளைகள் கொண்ட பெரிய சங்கிலித் திரையரங்குகளில் தள்ளுபடி நாள் பல ஆண்டுகளாகச் செவ்வாய். சிக்கல் இங்கேதான் இருக்கிறது: அடுத்த வாரமும் படம் ஓடுமா என்று தெரிவதற்கு முன்பே செவ்வாய்க்கிழமை வந்துவிடுகிறது. “இந்தச் செவ்வாய் முடியவில்லை, அடுத்த செவ்வாய் பார்க்கலாம்” என்று விட்டவர்கள் புதன்கிழமை அட்டவணையைத் திறந்தால் படம் இருக்காது. பிறகு வியாழனுக்குள் முழு விலை கொடுத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இதை முன்கூட்டியே ஊகிக்க ஓர் எளிய வழி உண்டு. சனிக்கிழமை மாலைக் காட்சி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது, முன்பதிவுப் பக்கத்தில் அந்தக் காட்சியின் இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். பணம் எதுவும் கட்ட வேண்டாம், இருக்கை தேர்வு செய்யும் பக்கம் வரை போனால் போதும். முக்கால்வாசி இருக்கை நிறைந்திருந்தால் படம் அடுத்த வாரமும் இருக்க வாய்ப்பு அதிகம். வாரத்திலேயே நல்ல நேரமான சனி மாலையில் கால்வாசிகூட நிறையவில்லை என்றால் முதல் செவ்வாயே கடைசிச் செவ்வாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அரங்கை மட்டும் பார்க்காமல், படம் ஓடும் எல்லா இடங்களையும் பாருங்கள். ஒரு மாலில் எடுத்துவிட்டு இன்னொன்றில் தொடர்வது வழக்கம்.

இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. சில படங்களுக்கு முதல் வாரத்தில் தள்ளுபடியோ இலவசச் சீட்டோ செல்லாது என்று விநியோகஸ்தர் நிபந்தனை போடலாம். காரணம் புரிந்தால் கோபம் வராது. டிக்கெட் பணம் திரையரங்குக்கு மட்டும் போவதில்லை. அதில் கணிசமான பங்கு விநியோகஸ்தருக்கு, அதுவும் முதல் வாரத்தில் பெரும்பாலும் அதிகப் பங்கு. டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்றால் அவருடைய பங்கும் பாதியாகிறது. தமிழ்ப் படத்தின் தென்னாப்பிரிக்க உரிமையைத் தொகை கொடுத்து வாங்கியவருக்கு, போட்ட பணத்தை எடுக்க இருப்பதே ஒன்றிரண்டு வாரம். அதனால் பெரிய நடிகரின் படம் என்றால் திங்கட்கிழமையே, செவ்வாய்க் காட்சியைத் திறந்து விலை எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். செவ்வாய் விலை குறைந்து தெரிந்தால் அன்றே பதிவு செய்யுங்கள். முழு விலையே தெரிந்தால், இரண்டாம் வாரத்துக்குக் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. இந்த ஒரு காரணத்தைத் தவிர இரண்டாம் செவ்வாய்க்குக் காத்திருக்க வேறு காரணமே இல்லை.

எங்கே பார்ப்பது? டர்பனில் தமிழ்ப் படம் தேடுபவர்கள் மூன்று பெயர்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும். உம்ஷ்லாங்காவின் கேட்வே மாலில் ஸ்டெர்-கினெகோர், வெஸ்ட்வில்லில் பெவிலியன் மாலில் நியூ மெட்ரோ, கடற்கரையில் சன்கோஸ்ட் வளாகத்தில் சினிசென்டர். கடைசியாகச் சொன்னது அவலான் குழுமத்துடையது. 1939-இல் டர்பனில் தொடங்கிய இந்தியர் நிறுவனம் அது. இன ஒதுக்கல் காலத்தில் நம்மவர்கள் உட்கார்ந்து படம் பார்த்த விக்டோரியா தெரு அவலான் அரங்கு அவர்களுடையதுதான். இந்தியப் படங்களைத் திரையிடும் பழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. மூன்றுக்கும் விலை வேறு, தள்ளுபடி விதி வேறு. ஒரே சங்கிலியின் இரண்டு கிளைகளுக்குள்ளேயே எந்த மால் என்பதைப் பொறுத்து விலை மாறும். செயலியில் “அருகிலுள்ள அரங்கு” என்று தானாக வருவதை நம்பி அங்கேயே நின்றுவிடக் கூடாது.

அந்தக் காலத்தில் நகர நடுவே கிரே தெரு, விக்டோரியா தெருப் பக்கம் நடந்தே போய்ப் படம் பார்க்க முடிந்தது. இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் நம் மக்களை நகருக்குள்ளிருந்து பெயர்த்து 1960-களில் சாட்ஸ்வொர்த்திலும் 1970-களின் பிற்பாதியில் வடக்கே ஃபீனிக்ஸிலும் கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு தெருவோர அரங்குகள் மூடப்பட்டு, திரைகள் மால்களுக்குள் போயின. அதனால் இன்று சாட்ஸ்வொர்த்தில் இருப்பவருக்கு டிக்கெட்டின் உண்மையான விலை என்பது சீட்டில் அச்சிட்ட தொகையோடு பயணமும் சேர்ந்ததுதான். இதைக் கணக்கில் எடுக்காமல் 20 ராண்ட் குறைவு என்று நகரின் மறுமுனைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் குடும்பத்துக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாட்ஸ்வொர்த்திலிருந்து பெவிலியன் ஏறக்குறைய 13 கிலோமீட்டர், போய்வர 26. கேட்வே 30 கிலோமீட்டருக்கு மேல், போய்வர 60-க்குக் குறையாது. கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும், பெட்ரோல் லிட்டர் 22 ராண்ட் என்று வைத்துக்கொண்டால், பெவிலியனுக்கு 48 ராண்ட், கேட்வேக்கு 110 ராண்ட். வித்தியாசம் 62 ராண்ட். நான்கு டிக்கெட்டுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 15 ராண்டுக்கு மேல். ஆகவே கேட்வேயில் டிக்கெட் 15 ராண்ட் குறைவாக இருந்தாலும் லாபம் ஒன்றுமில்லை. அதன்மேல் பார்க்கிங். மால் பார்க்கிங் மணிக்கணக்கில் ஏறும். மூன்று மணி நேரப் படமும், முன்னால் வரும் விளம்பரமும் முன்னோட்டமும், சாப்பாடும் சேர்ந்தால் நான்கரை மணி நேரம் ஆகிவிடும். நுழையும் இடத்தில் இருக்கும் கட்டணப் பலகையில் நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் எவ்வளவு என்று பார்த்துவிட்டே உள்ளே போங்கள். ஃபீனிக்ஸில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அவர்களுக்குக் கேட்வேதான் பக்கம்.

கார் இல்லாதவர்களுக்குச் செவ்வாய் இரவுக் காட்சி ஒரு பொறி. எட்டு மணிக் காட்சி என்றால் படம் உண்மையில் எட்டே காலுக்கு மேல் தொடங்கி, இடைவேளையும் விட்டு, பதினொன்றைத் தாண்டி முடியும். அந்த நேரத்தில் மினிபஸ் டாக்ஸி (பலர் பகிர்ந்து போகும் வேன்) கிடைப்பது அரிது, காத்து நிற்பதும் நல்லதல்ல. ஊபர், போல்ட் போன்ற வண்டியில் திரும்பினால் டிக்கெட்டில் மிச்சப்படுத்தியது அங்கே போய்விடும். அப்படிப்பட்டவர்கள் செவ்வாய் மாலை ஐந்து, ஐந்தரைக் காட்சி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் கார் வைத்திருக்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போய்ப் பெட்ரோலைப் பகிர்ந்துகொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஞாயிறு பகல் காட்சிக்கு முழு விலை கொடுத்து, போகவர மினிபஸ் டாக்ஸியில் போவதே மலிவாக முடியும்.

பள்ளி நாட்காட்டியும் இதில் வருகிறது. இங்கே பள்ளிகள் ஜனவரி நடுவில் திறக்கின்றன. பொங்கல் படம் வரும் வாரமும் பள்ளி திறக்கும் வாரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். மறுநாள் காலை பையனை எழுப்ப வேண்டிய செவ்வாய் இரவு அது. தீபாவளிப் படங்கள் ஆண்டிறுதித் தேர்வு நேரத்தில் வரும், தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறையும் கிடையாது. மார்ச்–ஏப்ரல், ஜூன்–ஜூலை, செப்டம்பர்–அக்டோபர் பள்ளி விடுமுறைகளில் வரும் செவ்வாய்கள்தான் குடும்பத்தோடு போக ஏற்றவை. ஆனால் அப்போது கூட்டமும் இருக்கும், சாயங்காலம் கவுண்டரில் போய் நின்றால் முன்வரிசைதான் கிடைக்கும். திங்கள் இரவே பதிவு செய்துவிடுங்கள். செவ்வாயில் பொது விடுமுறை விழுந்தால் தள்ளுபடி உண்டா இல்லையா என்பதை நிபந்தனையில் தேடிப் படிப்பது அவசியம்.

உறுப்பினர் திட்டங்களைப் பற்றி. ஸ்டெர்-கினெகோருக்கு எஸ்கே கிளப் என்ற திட்டம் உண்டு. நியூ மெட்ரோவும் செவ்வாய்ச் சலுகையைத் தன் பாணியில் நடத்திவந்திருக்கிறது. சலுகையின் அளவும் விதியும் அடிக்கடி மாறுவதால் அன்றன்றைக்குச் செயலியில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. ஆனால் தவறு நேரும் இடங்கள் மாறுவதில்லை. முதலாவது, உறுப்பினராகப் பதிந்துவிட்டு, உள்நுழையாமலே டிக்கெட் வாங்குவது. உள்நுழைந்த கணக்கில் வாங்கினால்தான் உறுப்பினர் விலை விழும், பிறகு போய்க் கேட்டால் திருத்தித் தருவது அபூர்வம். இரண்டாவது, ஒரு உறுப்பினர் ஒரு நாளில் இத்தனை டிக்கெட்தான் வாங்கலாம் என்ற வரம்பு. நான்கு பேருக்கு வாங்கும்போது சிலவற்றுக்கு மட்டும் சலுகை விழுந்து மீதி முழு விலையாக இருக்கும், மொத்தத் தொகையைப் பார்க்காமல் பணம் கட்டிவிடுவார்கள். கணவனும் மனைவியும் தனித்தனியே பதிந்து வைத்துக்கொண்டால் இதைத் தாண்டலாம். இரண்டு தடவையாக வாங்கினாலும் அடுத்தடுத்த இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடியும். மூன்றாவது, ஐமேக்ஸ், 3டி, இருக்கை அசையும் 4டிஎக்ஸ், சாய்விருக்கை கொண்ட உயர்தர அரங்குகளுக்குச் செவ்வாய்ச் சலுகை பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் குறைவு. ஒரே படம் ஒரே மாலில் இரண்டு வகை அரங்கிலும் ஓடும். நேரத்தை மட்டும் பார்த்துத் தட்டினால் விலை கூடிய அரங்குக்குள் போய்விடுவீர்கள். நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அடையாளத்தைப் பாருங்கள், சாதாரண 2டி அரங்கு போதும். 3டி கண்ணாடிக்குத் தனிக் காசு வாங்கும் இடங்களில், ஒரு தடவை வாங்கியதைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துப் போகலாம்.

வங்கி, காப்பீட்டு, தொலைபேசி நிறுவனங்களின் வெகுமதித் திட்டங்களையும் மறக்க வேண்டாம். எஃப்என்பியின் ஈபக்ஸ், ஸ்டாண்டர்ட் பேங்கின் யூகவுண்ட், நெட்பேங்கின் கிரீன்பேக்ஸ், டிஸ்கவரியின் வைட்டாலிட்டி, வோடகாமின் வோடாபக்ஸ் என்று ஏதாவது ஒன்று உங்கள் குடும்பத்தில் யாரிடமாவது இருக்கும். சேரும் புள்ளிகளைக் கொண்டு சினிமா வவுச்சர் வாங்க முடிகிறதா என்று அந்தந்தச் செயலியின் வெகுமதிப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். எந்தத் திட்டம் எந்தத் திரையரங்கோடு சேர்ந்திருக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். இதற்காகவே மாதக் கட்டணம் கூடிய வங்கிக் கணக்குக்கு மாறுவது நஷ்டம். ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்துவதுதான் லாபம். வேலை செய்யும் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்காக மொத்தமாக வவுச்சர் வாங்கி வைப்பது உண்டு.

வவுச்சரில் இரண்டு வகை, சட்டமும் அவற்றை வேறாகவே பார்க்கிறது. பணம் கொடுத்து வாங்கிய வவுச்சர், 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி, கொடுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும், அதற்குள் முழு மதிப்பும் தீர்ந்தால் ஒழிய. ஆறு மாதத்தில் காலாவதி என்று அச்சிட்டிருந்தாலும் நீங்கள் வாதாடலாம். இலவசமாக, விளம்பரத்துக்காகக் கொடுத்த வவுச்சருக்கு இந்த மூன்று ஆண்டுப் பாதுகாப்பு இல்லை. அதில் போட்டிருக்கும் தேதிதான் தேதி, தமிழ்ப் படத்துக்கு முதல் வாரத்தில் செல்லாது என்ற நிபந்தனையும் அதில்தான் அதிகம் வரும். ஆகவே இலவச வவுச்சரை முதலில் செலவழியுங்கள், காசு கொடுத்து வாங்கியதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை பாதி விலை இருக்கும்போது முழு மதிப்பு வவுச்சரைப் போட்டுத் தீர்ப்பதும் பலர் செய்யும் வீண். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு வவுச்சர் என்ற முறையில் அது போய்விடும், மீதி திரும்பாது. வவுச்சரைச் சனி ஞாயிறுக்கு வையுங்கள், செவ்வாயில் காசு கொடுங்கள்.

வவுச்சர் எண்ணை இணையத்தில் போட்டுப் பாதியில் பக்கம் நின்றுவிட்டால், அந்த எண் “பயன்பட்டது” என்று மாட்டிக்கொள்ளும். திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். இருக்கை பிடித்து வைத்திருக்கும் நேரம் முடியும்வரை பொறுத்து, பிறகு ஒரு தடவை முயலுங்கள். அப்போதும் ஏற்கவில்லை என்றால் திரையை நேரத்தோடு படம்பிடித்துக்கொண்டு கவுண்டருக்குப் போங்கள். கார்டிலும் இதே கதை நடக்கும். வங்கியிலிருந்து வரும் ஒருமுறை எண் (ஓடிபி) தாமதமாகி, பணம் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வந்து, டிக்கெட் வராமல் போகும். உடனே மறுபடி வாங்கினால் எட்டு டிக்கெட் உங்கள் கையில் இருக்கும். முதலில் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியையும் செயலியில் “என் டிக்கெட்” பகுதியையும் பாருங்கள், அதே காட்சியின் வரைபடத்தில் நீங்கள் எடுத்த இருக்கைகள் விற்றதாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். விற்றதாகத் தெரிந்தால் டிக்கெட் இருக்கிறது, கவுண்டரில் கார்டைக் காட்டிக் கேட்கலாம். காலியாகத் தெரிந்தால் வங்கி பிடித்து வைத்த தொகை சில நாளில் திரும்பும்.

இனி வயது. இதில்தான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இந்தியாவில் பெற்றோர் கூட இருந்தால் சிறுவர்களை அனுமதிக்கும் சான்றிதழோடு வந்த படம், இங்கே வேறு தரத்தோடு வரலாம். தென்னாப்பிரிக்காவின் திரைப்பட, வெளியீட்டு வாரியம் தனியாகத் தரம் இடுகிறது. ‘7-9 பிஜி’ என்றால் ஏழு வயதுக்குக் கீழே கூடாது, ஏழிலிருந்து ஒன்பது வரை பெரியவர் வழிகாட்டலோடு. ‘10-12 பிஜி’ என்றால் பத்து வயதுக்குக் கீழே கூடாது. 13, 16, 18 என்று எண் மட்டும் இருந்தால் அந்த வயது நிரம்பாத பிள்ளையை அப்பா அம்மா கூடவே இருந்தாலும் உள்ளே விட முடியாது. அடிதடியும் இரத்தமும் உள்ள தமிழ்ப் படம் 13-ஓ 16-ஓ வாங்குவது சாதாரணம். உங்கள் 9 வயது மகனுக்கு ‘10-12 பிஜி’ படம்கூடக் கிடையாது. வாசலில் நிறுத்தினால், யாராவது ஒருவர் பையனோடு வெளியே இருக்க வேண்டிவரும், அந்த இரண்டு டிக்கெட் காசும் திரும்புமா என்பது மேலாளர் மனத்தைப் பொறுத்தது. பதிவு செய்யும் பக்கத்தில் படத்தின் பெயருக்கு அருகிலேயே தரம் இருக்கும். படம் வரும் வாரத்தில் தரம் இன்னும் வராமல் இருந்தால், வரும்வரை பையனுக்கு டிக்கெட் போடாதீர்கள்.

அம்மாவுக்கு 64 வயது என்பதால் மூத்தோர் விலை கேளுங்கள். பல இடங்களில் 60 வயதிலிருந்து உண்டு. வயதுக்குச் சான்று கேட்பார்கள், அம்மாவிடம் இந்தியக் கடவுச்சீட்டுதான் இருக்கும் என்றால் அதன் நகல் போதுமா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளூர் அடையாள அட்டையைத்தான் ஏற்போம் என்று சொல்லும் இடமும் இருக்கலாம். பையனுக்குச் சிறுவர் விலை. செவ்வாய் விலைக்கு மேல் மூத்தோர் விலையையும் சேர்த்துக் கழிக்க மாட்டார்கள், எது குறைவோ அது ஒன்றுதான். அதனால் அம்மாவை அழைத்துப்போக வார நாள் பகல் காட்சியே சிறந்தது: கூட்டமில்லை, படியில் தடுமாற வேண்டாம், இரவுப் பயணமும் இல்லை.

தின்பண்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. டிக்கெட் பணத்தை விநியோகஸ்தரோடு பங்கிட வேண்டிய திரையரங்குக்குப் பாப்கார்ன், குளிர்பான விற்பனைதான் முழுசாகக் கையில் நிற்கும் வருமானம். அதனால் அந்த விலை குறையாது. டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் காம்போவில் நீங்கள் தனியாக வாங்கவே மாட்டாத ஒரு பொருள் இருந்தால் அது மலிவில்லை. நான்கு பேருக்கு ஒரு பெரிய பாப்கார்னும் வெறுங்கோப்பை இரண்டும் கேட்டு வாங்குவது சிக்கனம். வீட்டிலிருந்து கிளம்பும் முன் சாட்ஸ்வொர்த்திலேயே ஆளுக்கொரு கால் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு நிரப்பிய டர்பன் உணவு) சாப்பிட்டுவிட்டால் இடைவேளையில் பையன் பசி என்று சொல்லமாட்டான். வெளி உணவை உள்ளே விடுவது அரங்கின் விதியைப் பொறுத்தது. ஒளித்துக் கொண்டுபோய் வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டி வருவது பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவு, வேண்டாம்.

எந்தப் படத்துக்குப் போவது என்பதும் செலவின் பகுதிதான். பல தமிழ்ப் படங்கள் வெளியாகி நான்கு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகின்றன. வீட்டில் ஏற்கெனவே சந்தா இருந்தால், பேச்சும் குடும்பமுமாக நகரும் படத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஒளி, ஒலி, கூட்டத்தின் ஆரவாரம் எல்லாம் சேர்ந்தால்தான் சுவை என்ற படத்துக்குத் திரையரங்கக் காசை வையுங்கள். மாதம் ஒன்று என்று கணக்கு வைக்காமல், மாதம் இவ்வளவு ராண்ட் என்று வைத்து, நல்ல படம் வராத மாதத்தின் பணத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள்.

கூட்டமாகச் சேர்ந்து ஒரு காட்சியை மொத்தமாக எடுப்பது இங்கே தமிழ்ச் சங்கங்களும் கோயில் குழுக்களும் நிதி திரட்டச் செய்யும் வழி. மலிவாகவும் முடியும், கையைக் கடிக்கவும் செய்யும். கணக்குக்காக 100 இருக்கை கொண்ட அரங்கு 9,000 ராண்ட் என்று கொள்வோம். நூறும் நிறைந்தால் தலைக்கு 90. எழுபது பேர்தான் வந்தால் தலைக்கு 129, சாதாரண டிக்கெட்டே மலிவாகிவிடும். அதனால் வாய்ச்சொல்லை நம்பி அரங்கை உறுதி செய்யக் கூடாது. முன்பணம் கைக்கு வந்த பெயர்களை மட்டும் எண்ணி, எண்பது தாண்டிய பிறகே ஒப்பந்தம். படத்தின் வயதுத் தரத்தை அழைப்பிலேயே எழுதுங்கள். விநியோகஸ்தர் அந்தப் படத்தை அந்த நாளில் தருவதாக எழுத்தில் இருக்கிறதா என்று திரையரங்கிடம் கேளுங்கள். தணிக்கையோ வெளியீட்டுத் தேதியோ தள்ளிப்போவது தமிழ்ப் படங்களுக்குப் புதிதல்ல, அப்போது பணம் திரும்புமா, வேறு தேதியா என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஈஸ்டர் வாரத்தைத் தவிருங்கள். புனித வெள்ளியை ஒட்டி மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவுக்குப் போகிற குடும்பங்கள் அதிகம், இருக்கை நிறையாது.

பதிவு செய்த பிறகு போக முடியாமல் போனால்? இணையத்தில் வாங்கிய பொருளை ஏழு நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற உரிமை, 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தில் உண்டு. குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்குக்கு அது பொருந்தாது. அதை வைத்துச் சினிமா டிக்கெட்டுக்கு வாதாடினால் தோற்பீர்கள். உதவக்கூடியது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு: முன்பதிவை ரத்து செய்யலாம், அரங்கு நியாயமான ரத்துக் கட்டணம் பிடிக்கலாம். காட்சிக்கு முந்தின நாள் சொன்னால் அந்த இருக்கையை வேறு யாருக்காவது விற்க முடியும் என்பதால் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும், பத்து நிமிடம் முன்பு சொன்னால் முழுவதும் போகக்கூடும். யாருக்காகப் பதிவு செய்தீர்களோ அவர் இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணமே பிடிக்கக் கூடாது. மருத்துவமனைக் காகிதத்தின் படம் ஒன்றை அனுப்பிக் கேளுங்கள்.

விலை பற்றிய தகராறுக்கு அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு. ஒரே நேரத்தில் இரண்டு விலை காட்டப்பட்டிருந்தால் குறைந்ததைத்தான் கேட்க முடியும், அப்பட்டமான அச்சுப்பிழையாக இருந்தால் தவிர. செயலியில் செவ்வாய் விலையும் கவுண்டரில் முழு விலையும் கேட்டால், செயலித் திரையைப் படம்பிடித்து மேலாளரிடம் அமைதியாகக் காட்டுங்கள், பெரும்பாலும் அங்கேயே தீரும். காட்டும் விலையில் 15 சதவீத வாட் வரியும் அடங்கியிருக்க வேண்டும், கடைசியில் வரி என்று தனியாகக் கூட்டக் கூடாது. மின்சாரம் நின்று படம் பாதியில் அறுந்தால், டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் வெளியே வரும்போதே மாற்றுச் சீட்டு எழுதி வாங்குங்கள். மறுநாள் போய்ச் சொன்னால் நிரூபிப்பது கடினம். மாற்றுச் சீட்டில் “எந்தப் படத்துக்கும்” என்று இருக்கிறதா என்று பாருங்கள். அதே படத்துக்கு மட்டும் என்றால், வியாழனோடு போகப்போகும் தமிழ்ப் படத்துக்கு அது பயன்படாமல் போகலாம். மேலாளரிடமும் தலைமை அலுவலகத்திடமும் எழுதிக் கேட்டுப் பதில் வராவிட்டால், நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் தரலாம். டிக்கெட், பணம் கட்டிய சான்று, எழுதிய மின்னஞ்சல் மூன்றும் வேண்டும்.

முகநூல், வாட்ஸப் குழுக்களில் “போக முடியவில்லை, பாதி விலைக்குத் தருகிறேன்” என்று வரும் டிக்கெட்டில் கவனம். நுழைவாயிலில் ஸ்கேன் ஆவது அந்தச் சதுரக் குறியீடு மட்டும். ஒரே குறியீட்டின் படத்தை ஐந்து பேருக்கு விற்றால் முதலில் வந்தவர்தான் உள்ளே போவார். நேரில் தெரிந்த குடும்பத்திடம் மட்டும் வாங்குங்கள், பெரிய நடிகரின் முதல் நாள் காட்சி என்றால் அதுவும் வாசலில் ஸ்கேன் ஆன பிறகு பணம். இலவச டிக்கெட் என்று இணைப்பு அனுப்பி வங்கியின் ஒருமுறை எண்ணைக் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

தமிழ்ப் படம் மட்டும்தான் என்றில்லாமல் நல்ல படம் எதுவானாலும் சரி என்றால் ஜூலை மாதத்தை விடாதீர்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் நடத்தும் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா 1979 முதல் நடந்துவருகிறது. வழக்கமாக ஜூலையில்தான் வரும். பல நாட்டுப் படங்கள் வரும், சில காட்சிகள் இலவசமாகவும் இருக்கும். இலவசக் காட்சிக்கும் முன்பதிவு கேட்கலாம், அட்டவணை வெளியான அன்றே பாருங்கள். கேப் டவுனில் இருக்கும் உறவினருக்கு ஆரஞ்ச் தெருவிலுள்ள பழைய லேபியா அரங்கும், ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவருக்கு 44 ஸ்டான்லியில் உள்ள பயாஸ்கோப் அரங்கும் தெரிந்திருப்பது நல்லது. இரண்டும் சங்கிலியைச் சேராத சிறிய அரங்குகள், தமிழ்ப் படம் அங்கே அபூர்வம். ஆனால் ஒரு மொழிக் குழு சேர்ந்து தனிக் காட்சி கேட்க நினைத்தால், பேசத் தொடங்க மால் அரங்கைவிடச் சிறிய அரங்கே வசதி.